பாழாய்ப்போன பேட்டையைக் காப்பாற்றிய கதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில், நியூ ஜெர்சியில் மகள் குடியிருக்கும் தெருவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வீட்டுக்கு வீடு புல்தரையில் ஒரு அட்டை நட்டிருக்கிறார்கள், அதில் 'நம் ஊரின் இயல்பைக் காப்போம்' என்று இருக்கிறது, பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய அலுவலக வளாகத்தில் அடுக்குமாடி வீடுகள் வரக் கூடாது என்பதற்கான அட்டை அது என்று. நான் அதோடு விட்டுவிட்டேன். நீங்கள் விடவில்லை. முப்பத்து நாலு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டு மூலப்பத்திரங்களைப் படித்தவன் என்பதால், வீடு, மனை என்று யார் கேட்டாலும் எனக்கு வாய் நிற்காது. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த விஷயம்தான். முழங்கால் வலிக்கு எண்ணெய் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: 'உங்கள் பேட்டையைக் காப்பாற்றினேன்' என்று டிரம்ப் மேடையில் பேசினாராமே? யாரிடமிருந்து காப்பாற்றினார்?
(வாசகர், மதுரை)

பேசியது 2020 அக்டோபர் 13, பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்ற ஊரில். தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. புறநகர்ப் பெண்கள் தனக்கு ஓட்டுப் போடமாட்டார்கள் என்று கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. மனிதர் மேடையிலேயே கெஞ்சினார். புறநகர்ப் பெண்களே, தயவுசெய்து உங்களுக்கு என்னைப் பிடிக்கட்டும், உங்கள் பாழாய்ப்போன பேட்டையைக் காப்பாற்றிக் கொடுத்தேனே என்றார்.

யாரிடமிருந்து என்றால், ஒபாமா காலத்து விதி ஒன்றிடமிருந்து. 1968-ல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இரண்டு வேலை சொல்கிறது. இனம் பார்த்து வீடு தர மறுக்காதே என்பது ஒன்று. இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களை ஒன்றாக்க அரசு தானாக முயற்சி எடுக்க வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதற்கு வழக்கு, அபராதம் எல்லாம் இருந்தன. இரண்டாவது ஏறக்குறைய நாற்பத்தேழு வருஷம் காகிதத்திலேயே தூங்கியது. 2015-ல் ஒபாமா அரசு அதற்கு ஒரு விதி எழுதியது. மத்திய அரசின் வீட்டுவசதி நிதி வேண்டும் என்று கேட்கும் ஊர்கள், தங்கள் ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார்கள், ஏன் அப்படி என்று ஆராய்ந்து, அதை மாற்ற ஒரு திட்டம் எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான். தனிவீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டு என்று அதில் ஒரு வரி கிடையாது.

இன்னொரு வேடிக்கை. அந்த விதியை டிரம்ப்பின் சொந்த அரசு 2018 ஜனவரியிலேயே நிறுத்திவைத்துவிட்டது. பரணில் தூக்கிப் போட்ட பாத்திரத்தை 2020 ஜூலையில் இறக்கி, எல்லோரும் பார்க்க உடைத்தார். அதைவிட, 2019 ஜூனில் ஒரு ஆணையில் கையெழுத்துப் போட்டவரும் இவரே. வீடு கட்டத் தடையாக இருக்கும் உள்ளூர்க் கட்டுப்பாடுகளை நீக்க வழி சொல்லுங்கள் என்று அதில் ஒரு குழுவையே அமைத்தார். ஒரே வருஷத்தில், அந்தக் கட்டுப்பாடுகளின் காவலன் நான்தான் என்று ட்விட்டரில் எழுதினார்.

2020 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போனார். பைடன் வந்தால் அந்த விதியைப் பெரிதாகத் திரும்பக் கொண்டுவருவார், அதற்குப் பொறுப்பாக கோரி புக்கரைப் போடுவார் என்று எழுதினார். கோரி புக்கர் நியூ ஜெர்சியின் செனட்டர், கறுப்பினத்தவர். அவர் பெயரைத்தான் எடுக்க வேண்டுமா என்று அன்றே பலர் கேட்டார்கள். எனக்கு அவர் வீட்டுக் கதைதான் நினைவுக்கு வந்தது. புக்கரின் அப்பா, அம்மா இருவரும் ஐபிஎம்மில் வேலை பார்த்தவர்கள். 1969-ல், கோரி கைக்குழந்தை, ஹாரிங்டன் பார்க் என்ற வெள்ளையர் ஊரில் ஒரு வீடு பார்த்தார்கள். விற்றுவிட்டது என்று தரகர் சொல்லிவிட்டார். வீட்டுரிமைக்காகப் பாடுபடும் உள்ளூர்க் குழு ஒன்று, அதே வீட்டைக் கேட்க ஒரு வெள்ளைத் தம்பதியை அனுப்பியது. அவர்களுக்கு வீடு காலியாகத்தான் இருந்தது! விலை பேசி முடித்து, கையெழுத்துப் போடும் நாளில் அந்தத் தம்பதிக்குப் பதிலாகப் புக்கரின் அப்பாவும் ஒரு வக்கீலும் போய் நின்றார்கள். தரகர் வக்கீலை முகத்தில் குத்தினார், நாயை ஏவினார் என்று புக்கர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். என் சர்வீஸில் பத்திரம் பதியும்போது அடிதடி பார்த்திருக்கிறேன். எல்லாம் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைதான். நாயை யாரும் கூட்டிவந்ததில்லை.

விதியின் கதி? பைடன் வந்ததும் 2021-ல் பாதி உயிர் கொடுத்தார். 2025-ல் திரும்பி வந்த டிரம்ப் மறுபடி ரத்து செய்துவிட்டார்.

கேள்வி: என் மகன் அங்கே வீடு பார்க்கிறான். 'நல்ல ஸ்கூல் இருக்கிற ஊர்' என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அரசுப் பள்ளிதானே, எல்லா ஊரிலும் ஒன்றுதானே?
(வாசகி, கும்பகோணம்)

ஒன்று இல்லை அம்மா. அங்கே அரசுப் பள்ளிக்குப் பணத்தில் பெரும்பகுதி அந்தந்த ஊர் வீட்டுவரியிலிருந்து வருகிறது. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக்கு வருஷ வரி சராசரியாக 10,000 டாலரை ஒட்டி. விலை உயர்ந்த வீடுகள் உள்ள ஊரில் வரி நிறைய, பள்ளியில் பணம் நிறைய. பள்ளி நன்றாக இருப்பதால் வீட்டு விலை இன்னும் ஏறும். ஒரு மனையின் பரப்பு குறைந்தது அரை ஏக்கர், ஒரு மனையில் ஒரு வீடு மட்டும் என்று ஊர் விதி போட்டுவிட்டால், சின்ன வீட்டுக்கோ வாடகைக் குடித்தனத்துக்கோ அங்கே இடமே இல்லை. இனம், வருமானம் என்று எதையும் எழுத வேண்டாம், பரப்பளவு எழுதினால் போதும். ஊர்கள் இப்படி மண்டலம் பிரிப்பது செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-லேயே சொல்லிவிட்டது.

முன்பு எழுதவே செய்தார்கள். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில், 1947-லிருந்து நாலே வருஷத்தில் 17,000 வீடுகளுக்கு மேல் கட்டி எழுப்பிய ஊர் லெவிட்டவுன். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு, மாதம் 60 டாலர் வாடகையில் தொடங்கினார்கள். கடனுக்கு உத்தரவாதம் மத்திய அரசு. அந்தக் குடிக்கூலி ஒப்பந்தத்தின் 25-ஆம் ஷரத்து: காகேசிய இனத்தவரை (அதாவது வெள்ளையரை) தவிர வேறு யாரையும் இந்த வீட்டில் குடியிருக்க விடமாட்டேன் என்று குடிவருபவர் ஒப்புக்கொள்கிறார். அடுத்த வாக்கியம்: ஆனால் காகேசியரல்லாத வீட்டுவேலைக்காரர்களை வைத்துக்கொள்ளலாம். நான் ஆயிரக்கணக்கில் ஷரத்து படித்தவன். இவ்வளவு பச்சையாக எழுதியது அபூர்வம். உங்கள் மகனோ என் மகளோ அன்றைக்கு அந்த வீட்டுக்குள் போவதென்றால் பாத்திரம் துலக்கப் போகலாம்.

இதில் மத்திய அரசு சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. கடன் உத்தரவாதம் தரும் அரசு நிறுவனமே, இப்படிப்பட்ட ஷரத்து இருப்பது நல்லது என்று தன் கையேட்டில் எழுதிவைத்திருந்தது. 1948-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பல ஊர்ப் பத்திரங்களில் அந்த வரிகள் செத்த எழுத்தாக இன்றும் கிடக்கின்றன. மகன் வாங்கும் வீடு பழையது என்றால் மூலப்பத்திரத்தைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், பொழுது போகும்.

கேள்வி: இதையெல்லாம் தொடங்கிவைத்தது டிரம்ப்பா?
(வாசகர், கோயம்புத்தூர்)

இல்லை. ஜனாதிபதியாக இருந்த நிக்சன் இதே நாடகத்தை ஐம்பது வருஷம் முன்பே போட்டுவிட்டார். அதில் மாட்டிக்கொண்டவர் ஜார்ஜ் ராம்னி. அவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், எனக்குப் பிடித்த மனிதர்.

ராம்னி கார் கம்பெனித் தலைவராக இருந்து மிச்சிகன் மாநில ஆளுநர் ஆனவர். 1967 ஜூலையில் அவர் ஆளுநராக இருக்கும்போதுதான் டெட்ராய்ட் எரிந்தது, 43 பேர் செத்தார்கள். ஊருக்கு நடுவில் கறுப்பின மக்கள் நெருக்கியடித்துக் கிடக்க, சுற்றிலும் வெள்ளையர் புறநகர்கள் சுருக்குக் கயிறு மாதிரி இறுக்குகின்றன என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. 1969-ல் நிக்சன் அவரை வீட்டுவசதித் துறை அமைச்சராக்கினார். அவர் தன் துறைக்குள்ளேயே, பெரிதாகச் சத்தம் போடாமல், ஒரு திட்டம் தயாரித்தார். குறைந்த வருமான வீடுகளுக்குக் கதவைத் திறக்காத புறநகர்களுக்கு மத்திய நிதி கிடையாது.

முதலில் வெடித்தது வாரன் என்ற ஊரில். டெட்ராய்டை ஒட்டிய ஊர், கார்த் தொழிற்சாலைகள் நிறைந்தது. ஜனத்தொகை ஏறத்தாழ 1,80,000. கறுப்பினத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் அங்கே ஷிப்டுக்கு வருவார்கள், மணி அடித்ததும் திரும்பிப் போவார்கள். ஊருக்குள் குடியிருந்த சிறுபான்மைக் குடும்பங்கள் 28 என்று அந்த நாளில் எழுதினார்கள். அதிலும் பெரும்பாலானவை ராணுவக் குடியிருப்பில். 1970 ஜூலையில் ஒரு டெட்ராய்ட் பத்திரிகை, அமைச்சர் வாரனைச் சோதனைக்களமாக வைத்திருக்கிறார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ராம்னி நேரில் போய் விளக்கம் சொல்லப் பார்த்தார். கூச்சல். போலீஸ் துணையோடு வெளியே வந்தார். அவர் ஆளுநராக இருந்த மாநிலம், அவருக்கு ஓட்டுப் போட்ட மக்கள்! அந்த நவம்பரில் வாரன் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மத்திய அரசின் நகரப் புதுப்பிப்புப் பணமே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். இலவசப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பயம்.

நிக்சன் கணக்குப் போடுகிறவர். 1972-ல் மறுபடி ஜெயிக்க இந்தப் புறநகர் ஓட்டு வேண்டும். ராம்னியை மெக்ஸிகோவுக்குத் தூதராக அனுப்பிவிடலாம் என்று பார்த்தார்கள் (ராம்னி மெக்ஸிகோவில் பிறந்தவர், பொருத்தமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்). அவர் அசையவில்லை. 1971 ஜூனில் நிக்சன் ஓர் அறிக்கை விட்டார்: இன பேதத்தை எதிர்ப்போம், ஆனால் மத்திய உதவியில் கட்டும் வீடுகளை எந்த ஊர் மீதும் திணிக்கமாட்டோம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 'திணிப்பு' என்ற சொல் வந்ததுமே ராம்னியின் திட்டம் முடிந்தது. 1973 ஜனவரியில் மானிய வீட்டுத் திட்டங்களையே நிறுத்திவைத்தார்கள். அந்த அறிவிப்பை வாசிக்கும் வேலையும் ராம்னி தலையில் விழுந்தது. அதே மாதம் பதவியை விட்டுப் போனார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் நிக்சனே வாட்டர்கேட் ஊழலில் பதவியை விட்டுப் போனார். புறநகர் நிலைத்துவிட்டது.

வாரன் இருக்கும் மேகோம் மாவட்டத்தை இன்றைக்கும் அமெரிக்கத் தேர்தல் நிருபர்கள் தேடிப் போகிறார்கள். 2016-ல் மிச்சிகனை டிரம்ப் ஜெயித்தது 10,700 சொச்சம் ஓட்டில். மேகோமில் மட்டும் அவருடைய முன்னிலை அதைப்போல நாலு மடங்குக்கு மேல். ராம்னியின் மகன் மிட் ராம்னி, டிரம்ப் மீதான 2020 பதவிநீக்க விசாரணையில் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஒரே குடியரசுக் கட்சி செனட்டர். குடும்ப வழக்கம் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1973 அக்டோபர் 15. நிக்சனின் நீதித் துறை நியூயார்க்கில் ஒரு வழக்குப் போடுகிறது. புரூக்ளின், குயின்ஸ் பகுதிகளில் சுமார் 14,000 வாடகை வீடுகள் வைத்திருந்த ஒரு நிறுவனம் கறுப்பினத்தவருக்கு வீடு தர மறுக்கிறது என்பது குற்றச்சாட்டு. எதிர்வாதிகள் பிரெட் டிரம்ப், அவருடைய 27 வயது மகன் டொனால்ட். மகன் குற்றச்சாட்டை மறுத்தார், அரசு மீது 10 கோடி டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். அது தள்ளுபடி ஆனது. 1975 ஜூனில் சமரசம். தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் இனி பாகுபாடு காட்டமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த 1968 சட்டத்தின் முதல் பாதியை நிக்சன் அரசு கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. இரண்டாவது பாதியை அதே அரசு புதைத்தது.

கேள்வி: அப்படியானால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் நல்லவர்கள் என்கிறீர்களா?
(வாசகர், நெய்வேலி)

ஹிலாரி கிளிண்டன் குடியிருக்கும் சப்பக்வா, நியூயார்க் அருகே வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் இருக்கிறது. அந்தக் கவுண்டி 2009-ல் ஒரு வழக்கைச் சமரசம் செய்து, 750 குறைந்த விலை வீடுகள் கட்ட ஒப்புக்கொண்டது. சப்பக்வாவில் 28 வீடு கட்ட இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஒரு துண்டு. அதற்கும் வருஷக்கணக்கில் எதிர்ப்பு. ஊரில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சி ஓட்டு.

கேள்வி: ஏழை ஜனங்கள் வந்தால் வீட்டு விலை விழும் என்று பயப்படுவது நியாயம்தானே?
(வாசகர், வேலூர்)

பயம் நியாயம். ஆயுசு சேமிப்பு முழுக்க ஒரே வீட்டில் கிடக்கும்போது யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் பயந்தபடி நடந்ததா என்று பார்க்க நியூ ஜெர்சியிலேயே ஒரு ஊர் இருக்கிறது, மவுண்ட் லாரல்.

அங்கே எத்தல் லாரன்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. பல தலைமுறையாக அந்த ஊர்க் குடும்பம். சுற்றிலும் பெரிய வீடுகள் வரவர, பழைய குடிகளின் பிள்ளைகளுக்கு ஊரில் வாடகைக்குக் கூட இடம் இல்லை. 36 வீடு கட்ட அனுமதி கேட்டார்கள். 1970-ல் ஊர்த் தலைவர் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்து, கட்டுப்படியாகவில்லை என்றால் நீங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கு. 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஊரும் எளியவர்களுக்கும் தன் பங்குக்கு இடம் விடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஊர் அசையவில்லை. 1983-ல் மறுபடி தீர்ப்பு, இந்த முறை பல்லோடு. அதற்குப் பிறகும் இழுத்தடித்து, கடைசியில் 2000-த்தில்தான் முதல் வீடுகளைத் திறந்தார்கள், பிறகு மொத்தம் 140 ஆனது. எத்தல் லாரன்ஸ் 1994-லேயே போய்விட்டார். குடியிருப்புக்கு அவர் பெயர்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவர் குழுவும் அக்கம்பக்கத்து வீட்டு விலை, வரி, குற்றம் மூன்றையும் ஆராய்ந்தார்கள். அந்தக் குடியிருப்பு வந்ததால் எதிலும் பாதிப்பு இல்லை. பக்கத்திலேயே குடியிருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லை. முப்பது வருஷம் சண்டை போட்டது இதற்குத்தான்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்த அட்டை உங்கள் மகள் வீட்டு வாசலில் இருந்ததா, இல்லையா?
(வாசகி, திருநெல்வேலி)

இருந்தது. கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஊராட்சி மாதிரி ஒரு அமைப்பு, திட்டக் குழு என்பார்கள், அதன் விசாரணைக்கு மகளோடு போயிருந்தேன். மவுண்ட் லாரல் தீர்ப்பின் பெயரால் இந்த ஊருக்கும் ஒரு எண்ணிக்கை விதித்திருக்கிறார்கள். அதற்குத்தான் அந்த அலுவலக வளாகம். இருநூறு பேர் இருப்பார்கள். நம் ஆட்கள் முப்பது நாற்பது. ஒருவர் கூட இனம் பற்றிப் பேசவில்லை. போக்குவரத்து நெரிசல், சாக்கடைக் கொள்ளளவு, பள்ளியில் இடம், ஒரு வகைத் தவளை. டிரம்ப் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. அங்கே முடிவு செய்வது சம்பளமில்லாத ஒன்பது உள்ளூர்க்காரர்கள். வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் அவர்கள்தான். நடுவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் எழுந்து, 1980-களில் இந்தியர்கள் வந்தபோதும் இதே ஹாலில் இதே சாக்கடைக் கொள்ளளவைப் பற்றித்தான் பேசினோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் சிரிப்பு. மகள் சிரிக்கவில்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போது கேட்டேன். "அப்பா, இந்த வீட்டுக்கு நாங்க என்ன விலை கொடுத்தோம்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும். முன்பணத்தில் என் பணிக்கொடையும் கொஞ்சம் இருக்கிறது. ஆக அந்த அட்டையின் ஒரு மூலை என்னுடையது. அதனால்தான் போன மாதம் அந்த வரியை விட்டுவிட்டேன்.

அடுத்த விசாரணை செப்டம்பரில்.